பிபி பார்க்கும்போது கை எங்கே இருந்தது?

போன வாரமும் ஒருவர் வந்தார். 68 வயது அம்மா. விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் கண் இருட்டி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படுத்திருக்கையில் 112 இருந்த பிபி, எழுந்து நின்றதும் 90. பையில் மூன்று வகை பிபி மாத்திரைகள். இரண்டு மாதம் முன்புவரை ஒன்றுதானாம். "எப்பப் பார்த்தாலும் 150க்கு மேலேயே இருந்துச்சு டாக்டர், அதான் கூட்டிட்டாங்க" என்றார் மகன்.

வீட்டில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். செய்து காட்டினார். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, கையைத் தொங்கவிட்டு, ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அம்மாவுக்குக் கொஞ்சம் பருத்த கை. பட்டையோ வழக்கமான அளவு. இந்த மாதம் இப்படி வந்த நான்காவது ஆள் இவர். தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

"டிஜிட்டல் மெஷின் எப்படி சார் தப்பாக் காட்டும்?" எல்லோரும் கேட்பது இதைத்தான். மெஷின் தப்பாகக் காட்டவில்லை. நீங்கள் கையை வைத்திருக்கும் நிலையில் அங்கே இருக்கும் அழுத்தத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது. கையில் அரிசிப் பையோடு எடை மெஷினில் ஏறினால் மெஷின் மேல் குற்றம் சொல்வோமா? புது மெஷின், விலை கூடிய மெஷின், டாக்டரே வைத்திருக்கிற மெஷின், எதுவானாலும் இதேதான்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 2024இல் வெளியான ஆய்வில் 133 பேர். கையை மேசைமேல் வைத்தபோது இருந்ததைவிட, மடியில் வைத்தால் மேல் அளவு சராசரியாக 4 புள்ளி ஏறியது, தொங்கவிட்டால் 6.5. அதற்கு முந்தைய வருடம் 195 பேரிடம் பட்டையின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது ஏறியது 19.5 புள்ளி! ஒல்லியான கைக்கு அதே பட்டை 3.6 குறைத்துக் காட்டியது. அதாவது, மாத்திரை வேண்டியவருக்கு வேண்டாம் என்றும் ஆகிவிடலாம்.

ஆறு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். கிளினிக்கில் நாங்கள் கோடு போடுவது 140இல். 135 இருப்பவர் கையைத் தொங்கவிட்டால் கோட்டைத் தாண்டிவிடுகிறார். அப்புறம் வருவது வருடக்கணக்கில் மாத்திரை.

சக மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.பி.யில் நூறு பேர் நிற்கையில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைக்க முடியாதுதான். ஆனால் கையை எடுத்து மேசைமேல் வைக்க இரண்டு நொடி போதும். டோஸைக் கூட்டும் முன்னாலாவது ஒருமுறை ஒழுங்காக அளந்துவிடுங்கள்.

வீட்டில் பார்ப்பவர்கள்: அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பட்டை வெறும் கையில், நெஞ்சு உயரத்தில், கை மேசைமேல். பேசாதீர்கள், பேசவும் வைக்காதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும் ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுதி, நோட்டை மெஷினோடு எடுத்து வாருங்கள். வீட்டுக் கணக்கில் கோடு 135/85.

தயவுசெய்து, இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த அம்மாவுக்கும் ஒன்றொன்றாகத்தான் குறைத்து வருகிறோம். 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் மேசையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.