புதுசாகவே இருக்கும் வளையம்

புதுச்சேரி வாசகர் ஒருவர் நான்கு படங்களோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய்க் கொடுவா பிடிப்பவர். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள்பட்டை போய்விட்டதால், சென்ற ஆண்டு 12 வோல்ட் மின்மோட்டார் ஒன்று வாங்கிக் கயாக்கின் பின்பக்கம் மாட்டியிருக்கிறார். ஐந்தே மாதத்தில் மோட்டார் உடம்பெல்லாம் வெள்ளையாய்ப் பொடி பூத்துவிட்டது. திருகாணிகளைச் சுற்றிக் குழி குழியாக அரிப்பு. “கயாக்கைப் பெரும்பாலும் படகுத்துறையிலேயேதான் கட்டி வைத்திருக்கிறேன். தண்ணீரில் இறக்கும் முன் மோட்டாரைப் பாகம் பாகமாகக் கழற்றி, செலவைப் பார்க்காமல் எபாக்சி பெயின்ட் அடித்தேன். ஒரே ஆறுதல், விசிறிக்குப் பின்னால் இருக்கும் வளையம் மட்டும் புதுசாகவே இருக்கிறது, பெயின்ட்கூட உரியவில்லை. மோட்டாரைக் காப்பாற்ற முடியுமா?” என்று கேட்கிறார்.

அவருடைய ஆறுதலில்தான் கோளாறே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன், இந்த மோட்டாரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் ஓட்டமாய்ச் சொல்லிவிடுகிறேன்.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. 1934-ல் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ ஊரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, நீளமாக ஒரு தண்டும் விசிறியும் சேர்த்துப் படகில் மாட்டினார். மின் கோட்டா (Minn Kota) என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. இன்றும் அமைப்பு ஏறக்குறைய அதேதான். அலுமினிய உறைக்குள் மோட்டார் தண்ணீருக்கு அடியிலேயே ஓடும், சுற்றியிருக்கும் தண்ணீரே அதைக் குளிர்விக்கும். இதன் பலத்தைக் குதிரைத்திறனில் சொல்வதில்லை, தள்ளுவிசையைப் பவுண்டில் சொல்வார்கள். 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ எடையைத் தாங்கும் விசை. முழு வேகத்தில் பவுண்டுக்கு ஒரு ஆம்பியர் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை மணி நேரம்தான் வரும். ஆனால் தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது, தேவைப்படும் திறனோ மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு திறன் போதும். போய்ச் சேர இரட்டிப்பு நேரம் ஆனாலும், அதே பேட்டரியில் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் போகலாம். அவசரமில்லாத மீன்பிடிப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? பேட்டரியைப் பொறுத்தவரை, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்க நினைக்காதீர்கள். ஐம்பது கிலோ இரும்புப் பெட்டகத்தைப் பின்பக்கம் வைத்தது போல மூக்கு மேலே கிளம்பிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான்.

மாட்டுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கயாக் பெரும்பாலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் அதே பாலிஎத்திலீனில், அதே போல அச்சைச் சுழற்றிச் செய்யப்படுவது. அதில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. துளை போட்டு போல்ட் முடுக்கி, உள்பக்கம் பெரிய தகடு ஒன்று கொடுத்து, துளையைச் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும், கம்பி தடிமனாக இருக்க வேண்டும். சரி, இப்போது வளையத்துக்கு வருவோம்.

சின்ன வயதில் தீர்ந்துபோன டார்ச் கட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டு விளையாடியிருப்பீர்கள். கட்டையின் வெளிக்கூடு துத்தநாகம். பழைய கட்டையில் அது பொத்தலாகி, பிசுபிசுவென்று ஏதோ கசிந்திருக்கும். டார்ச் எரிந்ததற்குக் கூலியாகத் துத்தநாகம் கரைந்துபோயிருக்கிறது. அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைக் கம்பி வழியே அனுப்பிவிட்டு, அயனிகளாகி உள்ளிருக்கும் பசையில் இறங்கிவிட்டன. ஒரு கிராம் கரைந்தால் 0.82 ஆம்பியர்-மணி மின்சாரம். எவ்வளவு உலோகம் கரைந்தால் எவ்வளவு மின்சாரம் என்று சொல்லும் ஃபாரடேயின் விதிப்படி போட்ட கணக்கு இது.

கடலில் இறக்கிய மோட்டாரும் ஒரு டார்ச் கட்டைதான். நாம் கேட்காமலேயே உருவாகிவிட்ட கட்டை. உறை அலுமினியம். தண்டும் திருகாணிகளும் துருப்பிடிக்காத எஃகு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, இரண்டையும் உப்புத் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. அலுமினியத்துக்கு எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை குறைவு. அது விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்கள் எஃகுக்கு ஓட, அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. எஃகு பளபளவென்று இருக்கும், பக்கத்திலிருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திருகாணியைச் சுற்றியே குழி விழுவது இதனால்தான். நம் வாசகர் கழிமுகத்தில் நாள்கணக்கில் ஊறப்போட்டு வைத்தது, அணைக்காமல் விட்ட ஒரு டார்ச்.

வளையம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. அது துத்தநாகம். படகுப் பட்டறையில் ‘ஜிங்க்’ என்று கேட்டால் எடுத்துக்கொடுப்பார்கள். அலுமினியத்தையும் எஃகையும் தொட்டபடி இதுவும் தண்ணீரில் இருந்தால், எலக்ட்ரான் கொடுக்கும் பொறுப்பைத் துத்தநாகம் ஏற்றுக்கொள்கிறது. அலுமினியத்துக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது.

பிளஸ் டூ வேதியியலை மறக்காதவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். எலக்ட்ரானை எது சுலபமாக விடும் என்று காட்டும் மின்முனை அழுத்த வரிசையில் அலுமினியம் −1.66 வோல்ட், துத்தநாகம் −0.76 வோல்ட்; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சுலபம். அலுமினியம்தானே முந்திக்கொண்டு கரைய வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். புத்தகத்து எண் சுத்தமான, வெற்று அலுமினியத்துக்கு உரியது. உலகத்தில் வெற்று அலுமினியம் என்று ஒன்று நிலைப்பதில்லை. காற்று பட்ட மறுகணமே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று, கண்ணுக்கே தெரியாத மெல்லிசாக மூடிவிடுகிறது. அந்தப் போர்வைக்குள் இருக்கும் அலுமினியம், கடல்நீரில் தன் இயல்பைவிடச் சாதுவாக நடந்துகொள்ளும். துத்தநாகத்தின் மேல் அவ்வளவு நல்ல போர்வை உருவாவதில்லை. அதனால் கடலுக்குள் வரிசை தலைகீழாகிவிடுகிறது. துத்தநாகம் முன்னால், அலுமினியம் பின்னால். உப்பின் குளோரைடு அந்தப் போர்வையில் அங்கங்கே ஓட்டை போடப் பார்க்கும், அதனால்தான் அலுமினியம் சீராகத் தேயாமல் குழி குழியாகப் போகிறது. துத்தநாகம் எலக்ட்ரானைத் தள்ளிக்கொண்டே இருக்கும் வரை அந்த ஓட்டைகள் வளர வழியில்லை.

60 கிராம் வளையம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 49 ஆம்பியர்-மணி. 5 மில்லி ஆம்பியர் தொடர்ந்து கொடுத்தால் ஓராண்டுக்கு மேல் தாங்கும். கையளவு உலோகத்துக்கு இது பெரிய உழைப்பு. வேலை செய்த வளையம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் அரித்து, சாம்பல் நிறத்தில், விரலால் சுரண்டினால் பொடி வரும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும்.

புதுச்சேரி வளையம் புதுசாக இருப்பதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். பெயின்ட் அதைத் தண்ணீரிலிருந்து பிரித்துவிட்டது. காவலாளியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பெயின்ட் எங்கே கீறல் விழுந்ததோ அங்கே மட்டும் அலுமினியம் வெளியே தெரியும். பெரிய எஃகுப் பரப்பு கேட்கும் எலக்ட்ரான் முழுவதையும் அந்தச் சிறு கீறலே கொடுத்தாக வேண்டும். பெயின்ட்டே அடிக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆழமாகக் குழி விழுந்திருக்காது.

இந்த உத்தி இருநூறு ஆண்டு பழையது. பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களைக் கப்பல் புழு துளைக்காமலிருக்க அடியில் செப்புத் தகடு அடித்திருந்தார்கள். அந்தச் செம்பைக் கடல் தின்றது. 1824-ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி சின்னத் துத்தநாக, இரும்புத் துண்டுகளைச் செம்போடு இணைத்துக் காட்டினார். செம்பு கரைவது நின்றேவிட்டது. ஆனால் கப்பலடியில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் மண்டிக் கப்பல் நகர மறுத்தது. கரைந்துகொண்டிருந்த செம்புதான் அதுவரை அவற்றுக்கு விஷமாக இருந்திருக்கிறது. கடற்படை துண்டுகளைக் கழற்றிவிட்டது. டேவியின் வேதியியலில் பிழையே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

நம் ஊரிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்டது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் உலோகத் தகடுகளைக் கடலிலும் கடற்காற்றிலும் காயப்போட்டு, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்கும் நிலையமும் அவர்களுக்கு உண்டு. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் இந்த வேலைக்குத் தட்டுவதில்லை. ஒரு தகட்டை மாட்டிவிட்டுப் பத்து வருஷம் காத்திருக்கும் ஆராய்ச்சிக்கு, மூன்று வருஷத்தில் முடிவைக் கேட்கும் நிதி முறை எப்படிப் பொருந்தும்? எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோம். கெடுதலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு நம்மை விட்டுவிடும் என்ற நம்பிக்கை. பூசணிக்காய் அப்படி எதையும் வாங்கிக்கொள்வதாக எனக்குத் தெரியவில்லை. துத்தநாகம் நிஜமாகவே வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு என்று தராசில் நிறுத்தே பார்க்கலாம். ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வளையத்தின் மேல் மட்டும் எதையும் பூசாதீர்கள்.

சுண்ணாம்பாற்றுக்கென்று தனியாக ஒன்று உண்டு. கோடையில் அங்கே தண்ணீர் கிட்டத்தட்டக் கடல், வடகிழக்குப் பருவமழையில் கிட்டத்தட்ட ஆறு. நன்னீரில் மின்சாரம் எளிதில் பாயாது, துத்தநாகத்தின் மேலும் ஓடு கட்டிக்கொள்ளும். முழு நன்னீர் ஏரிக்கு மெக்னீசியம் போடுவார்கள். இப்படி இரண்டுங்கெட்டான் தண்ணீருக்கு அலுமினியக் கலவை வளையம் பொருத்தம். துத்தநாகமும் இண்டியம் என்ற உலோகம் துளியும் சேர்த்து, போர்வை போர்த்திக்கொள்ளும் குணத்தைக் கெடுத்துவிட்ட அலுமினியம் அது. அலுமினியத்தைக் காக்க அலுமினியம்.

கரையேறியதும் எந்த வளையத்துக்கும் வேலையில்லை, இடையில் தண்ணீர் இருந்தால்தான் சுற்று முழுமையாகும். அதனால் கட்டிப் போடாமல் மேலே எடுத்து, இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஒயரிலிருந்து எங்காவது மின்சாரம் கசிந்தால், அலுமினியத்துக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள அரை வோல்ட் செய்யும் அரிப்பை பேட்டரியின் 12 வோல்ட் செய்யத் தொடங்கிவிடும். மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றி, பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற அடைப்பை அது அறுத்தால் தண்ணீர் மோட்டாருக்குள்ளேயே போய்விடும்.

இனி அவருடைய கேள்வி. குழிகள் உறையைத் துளைத்து உள்ளே போகவில்லை என்றால் மோட்டார் பிழைக்கும். வெள்ளைப் பொடியைத் தேய்த்து எடுத்து, அலுமினியத்துக்கு மட்டும் திரும்பப் பெயின்ட் அடியுங்கள். வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தை வெளியே கொண்டுவாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரை பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, ஒரு முனையை வளையத்திலும் மறுமுனையை ஒரு திருகாணித் தலையிலும் வையுங்கள். மீட்டர் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் வளையத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்திலும் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் நான்காவது படத்தில் தண்டுகூடப் பெயின்ட்டின் கறுப்பில்தான் தெரிகிறது.