மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

பூச்சி வந்துவிட்டது என்று போன் செய்கிற விவசாயிகளில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "சார், என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். என்ன பூச்சி, எத்தனை செடியில், செடியின் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். தோட்டக்கலைப் பயிர்களில் பூச்சியியல் வேலை பார்க்கும் நான் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. "இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்கிறேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது பப்பாளி.

2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. கொங்குப் பக்கம் கள்ளிப்பூச்சி என்றால் சட்டென்று புரியும். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான் இதன் பூர்வீகம். பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, கொய்யா, செம்பருத்தி, பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று கண்டதில் எல்லாம் ஏறியது. காய்களின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் இலையில் வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோட்டமே கறுத்துப் போனது. மல்பெரி வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். பட்டுப்புழு தின்னப் போகிற இலையில் நினைத்தபடி விஷம் தெளிக்க முடியுமா? செடியைப் பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

மருந்து அடிக்காமல் யாரும் இருக்கவில்லை. ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்றால் இரண்டையும் கலந்து அடித்தார்கள். மாவுப்பூச்சியின் உடம்பை மெழுகு மூடியிருக்கிறது. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. மருந்து மேலே பட்டு வழிந்துவிடும். தப்பித்த முட்டைகள் பொரித்ததும் பழையபடி தொடங்கும். ஆனால் அதைத் தின்ன வந்த பொறிவண்டுக்கு மெழுகுக் கவசம் கிடையாது. முதல் தெளிப்பிலேயே அது செத்துப் போகும்.

இந்தப் பூச்சி இங்கே இவ்வளவு ஆட்டம் போட்டதற்குக் காரணம், சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்த எதிரிகள் அதோடு கூட வரவில்லை என்பதுதான். அதனால் எதிரியைத் தேடிப் போனார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள், பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்துக்கு (அப்போது அதன் பெயர் சற்று வேறு) வந்தன. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு அந்த ஆண்டு அக்டோபர் வாக்கில் வெளியே விடத் தொடங்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கிக் கொடுத்தது. மூன்றில் இங்கே நிலைத்து நின்று வேலையைச் செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கொட்டாது. மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளேயே தின்று வளரும். அடுத்த சில மாதங்களில் விட்ட இடங்களில் எல்லாம் மாவுப்பூச்சி கண்கூடாகக் குறைந்தது. விவசாயிகளிடம் வைத்த முக்கியமான கோரிக்கை ஒன்றுதான்: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள்.

கேட்பதற்கு எளிதான கோரிக்கை. கடைப்பிடிப்பது அப்படியல்ல. கண்ணெதிரே காய் வெள்ளையாகிக் கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் எதைப் பார்த்து நம்புவது என்று காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்ட இலையைப் பறித்துப் சாதாரணப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குளவி புகுந்த மாவுப்பூச்சி உப்பி, மெழுகு இழந்து, பழுப்பு நிறத்தில் கெட்டியான ஓடாக இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் துளைத்தெடுத்தது போல ஒரு சின்ன வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லாத ஓடுகளுக்குள் அடுத்த தலைமுறை இருக்கிறது. இப்படிப்பட்ட ஓடுகள் நிறையத் தெரிகிற தோட்டத்தில் தெளிப்பானைத் தூக்குவது, நமக்காக வேலை செய்கிறவர்களை நாமே கொல்வது.

பழனி பக்கத்தில் ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோட்டம். வயதான விவசாயி ஒருவர் கிளையை வளைத்துக் காட்டினார். "இந்தா பாருங்க சார், இதுதான் தாய்ப்பூச்சி. இதை மொதல்ல கொல்லணும்." மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்கும் ஒன்று. "ஐயா, ஒரு புல்லை எடுத்து அதைத் தொட்டுப் பாருங்க" என்றேன். தொட்டார். விறுவிறுவென்று ஓடியது. பக்கத்தில் இருந்த மாவுப்பூச்சியைத் தொடச் சொன்னேன். அது அசையவே இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். ஓடிய அது ஒரு பஞ்சுப் பைக்கு வந்து தலையை உள்ளே விட்டு முட்டைகளைத் தின்னத் தொடங்கியது. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்கிறது. வளர்ந்த வண்டு கறுப்பு. தலையும் பின்பக்கமும் செம்மஞ்சள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இத்தனை காலமாக இங்கே இருந்தும் பல தோட்டங்களில் இது மாவுப்பூச்சி என்றே நினைக்கப்பட்டுச் சாகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

எறும்பையும் கவனியுங்கள். தேன் துளிக்காக எறும்புகள் மாவுப்பூச்சியைக் காவல் காக்கும், குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். மரத்தடியில் எறும்புப் புற்றை அழித்தாலே பாதி வேலை முடிந்த தோட்டங்கள் உண்டு.

பப்பாளிக் கதை மறுபடியும் நடந்தது. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. குருத்து சுருண்டு கொத்தாக நின்றுவிடும், கணுக்கள் நெருங்கி, தண்டு வளைந்து போகும். ஆப்பிரிக்காவில் 1970-களில் இதே பூச்சி மரவள்ளியை நம்பியிருந்த மக்களின் சாப்பாட்டிலேயே கை வைத்தது. அங்கே அனகைரஸ் லோபேசி என்ற குளவியை விட்டு அடக்கினார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இதில் விவசாயி கையில் இருக்கிற முக்கியமான காரியம் கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு. பூச்சி பிடித்த காட்டிலிருந்து கரணை வாங்கி வந்தால் பூச்சியையும் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு குளவி வந்து காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் வேறு மாதிரி. முட்டையிலிருந்து வந்த புழு சீக்கிரமே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய், வந்த வழியைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வெளியே எவ்வளவு தெளித்தாலும் அதற்குச் சேராது. நம் சாம்பாரில்தான் சேரும். கத்தரி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிற பயிர். பல மருந்துகளுக்கு லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் (தெளித்த பிறகு பறிக்காமல் விட வேண்டிய நாட்கள்) அதைவிட அதிகம். அந்த லேபிளை மதித்தால் பறிக்க முடியாது, பறித்தால் மதிக்க முடியாது.

இங்கே கைவேலைதான் பலன் தருகிறது. வாடித் தொங்கும் குருத்தை வாரம் ஒருமுறை, துளைக்குச் சற்றுக் கீழே கிள்ளி எடுங்கள். கிள்ளியதை வரப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். புழு வெளியே வந்து சருகில் கூட்டுப்புழுவாகும். பையில் கட்டி வெயிலில் போடுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். சொத்தைக் காய்க்கும் அதே கதி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையால் ஆணை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு ஐந்து வைத்து, அதிலுள்ள வாசனைக் குப்பியை (லூர்) காலத்தில் மாற்றுங்கள். போன பயிரின் கத்தரி மாரை (காய்ந்த செடித்தண்டை) அடுப்புக்கு ஆகுமென்று புதுத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குவித்து வைப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் குவியலிலிருந்துதான் அந்துப்பூச்சி கிளம்பி வருகிறது. பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன், அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் என் முதல் தேர்வு வேப்பங்கொட்டைச் சாறு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பு. புதுக்கொட்டை வேண்டாம், எட்டு மாதத்துக்கு மேல் பழையதும் வேண்டாம். இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் பால் வெள்ளையாகச் சாறு இறங்கும்வரை பிழிந்து, இருநூறு லிட்டராக்கி, இலையில் ஒட்டக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்கள். சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் அதன் வீரியம் போய்விடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். "வேப்பஞ்சாறு அடிச்சேன், பூச்சி சாகலையே" என்பார்கள். அது உடனே கொல்வதில்லை. தின்பதை நிறுத்தும், தோலுரிக்க விடாது. மூன்றாம் நாள் செத்த பூச்சியைத் தேடாமல் புதுக் குருத்து கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரசாயனமே கூடாது என்று நான் சொல்வதில்லை. சேதம் பொருளாதார வரம்பைத் தாண்டினால், அதாவது மருந்துச் செலவைவிட நஷ்டம் பெரிதாகும் நிலை வந்தால், அந்தப் பயிருக்கு அனுமதித்த மருந்துகளில் ஒன்றை மட்டும், சொன்ன அளவில் அடிக்கலாம். மூன்று நான்கை ஒரே டேங்கில் கலப்பதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். பைரித்ராய்டு வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த தோட்டத்தில் வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். அதற்கும் ஒரு மருந்து, அப்புறம் இன்னொன்று. கடன் ஏறுகிறதே தவிரப் பூச்சி குறைவதில்லை.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, உதவி தோட்டக்கலை அலுவலரிடமோ போகும்போது பூச்சியை மட்டும் நசுக்கி எடுத்துப் போகாதீர்கள். பாதித்த குருத்தை இலையோடு ஒடித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொண்டு போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் செடி முழுதும் தெரிய ஒரு படம், இலையின் அடிப்பக்கம் கிட்டத்தில் ஒரு படம். கடைசி ஒரு மாதத்தில் என்னென்ன அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்றால் காலி பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.