பால் மரப் பட்டை சொல்லித்தரும் பொன்சாய்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வயதான செம்பனை (எண்ணெய்ப் பனை) மரத்தின் தண்டைப் பாருங்கள். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைக்குள் மக்கிய குப்பை சேர்ந்திருக்கும். அதில் பறவை எச்சத்தோடு விழுந்த விதை முளைத்து, ஒரு சாண் உயரத்தில் ஓர் இத்திக் கன்று நிற்கும். மலாயில் இதை ஜெஜாவி என்பார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வடிகாலின் சிமெண்டு வெடிப்பிலும் கோயில் மதிலிலும் அரசு, ஆல் முளைப்பதும் இப்படித்தான். தோட்டக் கணக்கில் இவை களை. இன்றில்லாவிட்டால் நாளை மருந்தடித்துவிடுவார்கள். தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்து வந்தால், மரத்தைத் தொட்டியில் சிறிதாகவே வளர்க்கும் பொன்சாய்க்கு இதைவிட நல்ல கன்று காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். கைப்பிடி மக்கில் உயிர் பிழைக்க அது ஏற்கெனவே பழகிவிட்டது.

பொன்சாய் என்பது குள்ள ஜாதி மரம் என்றும், பட்டினி போட்டு வளர்ப்பது என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. தொட்டியில் இருக்கும் அரசைத் தரையில் நட்டால் அது கோயில் அரசு மாதிரியே வளரும். பட்டினி போட்டால் மரம் நோஞ்சானாகும், அவ்வளவுதான். நுனியை வெட்டுவது, வேரை வெட்டுவது, இந்த இரண்டுக்கும் நடுவே இலையை எவ்வளவு விட்டுவைப்பது என்ற கணக்கில்தான் மரம் சிறிதாகவே நிற்கிறது.

ஆனால் முதலில் அடித்தண்டு பருக்க வேண்டும். தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பால் மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சீவிப் பால் எடுத்தவர்களுக்கு இதன் காரணம் சட்டென்று பிடிபடும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நல்ல வெட்டுக்காரரின் கத்தி அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடும். அதனால்தான் சீவிய இடத்தில் பட்டை மறுபடியும் வழவழவென்று வளர்கிறது. கத்தி கட்டையில் பட்டால் அங்கே முண்டு முண்டாகத் தடிக்கும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெல்லிதாகச் சீவும் வெட்டு முறையைப் பரப்பியபோது, மரத்தைச் சாகடிக்காமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்க வழி பிறந்தது.

அந்தப் படலம் எவ்வளவு கட்டையைச் சேர்க்கும் என்பது, அதற்கு மேலே உள்ள இலைகள் சமைத்து அனுப்பும் சர்க்கரையைப் பொறுத்தது. மேலே பத்து இலை என்றால் கீழே பத்து இலைக்கான பருமன்தான். அதனால் கன்றை அழகான சின்னத் தட்டில் வைத்து, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால், பத்து ஆண்டு போனாலும் தண்டு பென்சில் தடிமன்தான் இருக்கும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியில் பத்துத் துளை போட்டு அதில் நடுங்கள். தரையில் இடமிருந்தால் இன்னும் நல்லது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று ஆண்டு கத்தி படாமல் வளரட்டும். அடியில் ஒரு கிளையை மட்டும் ஆள் உயரத்துக்கு ஓடவிட்டால் அதற்குக் கீழே உள்ள தண்டு சீக்கிரம் பருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை அறுத்து எறியலாம்.

அடித்தண்டு 4 சென்டிமீட்டர் பருத்ததும், மண்ணிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் சரிவாக அறுக்க வேண்டும். இந்த வேலைக்குத் துணிவு வேண்டும். நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு கீழே இறங்கி, பக்க மொட்டுகளை விழிக்காமல் தடுத்து வைத்திருக்கும். நுனி போனதும் தடை விலகும். இத்தியில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மொட்டைக் கட்டையிலேயே பச்சைப் புள்ளிகள் வெடிக்கும். ரம்பம் பட்ட விளிம்பைக் கூரான கத்தியால் வழித்துவிடுங்கள். பிய்ந்த கேம்பியம் காய்ந்துபோகும், காயம் மூடாது, மழையில் அழுகல் உள்ளே இறங்கும். வடியும் பாலின் மேல் தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிவின் உச்சியில் வரும் தளிரில் ஒன்றைத் தலைமைக் கிளையாக வைத்து, அது அடிக்கட்டையின் பாதிப் பருமன் வந்ததும் மறுபடியும் வெட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, கிழ மரத்தின் சாயல் வரும். முடிவில் உயரம் அடிப் பருமனைப் போல் ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருத்தமாகத் தெரியும்.

விதையிலிருந்து தொடங்க ஆசைப்பட்டால் புளிதான் சரி. சிற்றிலைகள் இயல்பிலேயே சிறியவை. மரத்தடியில் விழுந்த பழத்தின் கொட்டையை ஒரு பக்கம் அரத்தால் லேசாக உரசி, ஒரு நாள் ஊறவைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் ஓரிரு வாரத்தில் முளைக்கும். இரண்டு மாதத்தில் கன்றைப் பிடுங்கி, நேராக இறங்கும் ஆணிவேரில் பாதியை வெட்டி, பக்க வேர்களை நட்சத்திரம் போல விரித்து மறுபடியும் நட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் ஆணிவேர் கிழங்கு மாதிரி தடித்துவிடும். பிறகு ஆழமில்லாத தட்டில் மரத்தை உட்கார வைக்கவே முடியாது.

மண் விஷயத்தில் நம் ஊர்ச் செம்மண்ணை நம்பாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் வடியும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு நீர்ப்படலம் வடியாமல் தங்கும். அதன் உயரம் மண்துகளின் அளவைப் பொறுத்ததே தவிர, தொட்டியின் ஆழத்தை அல்ல. 5 சென்டிமீட்டர் தட்டில் நைசான மண்ணைப் போட்டால் தட்டு முழுக்க அந்த நீர்தான். வேருக்குக் காற்று கிடைக்காது. மாலை இடிமழை தினமும் கொட்டும் மாதங்களில் ஒரு வாரமே போதும், வேர் கறுத்துவிடும். உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. செங்கலையும் மணலையும் சலித்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு தூசியைக் கொட்டிவிடுங்கள்.

கம்பி சுற்றும்போது கிளையின் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பி போதும். சாய்வு 45 டிகிரி. குளிர்நாட்டுப் புத்தகங்கள் கம்பியை மாதக்கணக்கில் விடச் சொல்லும். இங்கே குளிர்காலம் இல்லை, வளர்ச்சி நிற்பதே இல்லை. ஆறே வாரத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து, பாம்பு சுற்றியது போல் தழும்பு விழும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுத்தத் தொடங்கியதும் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றி அவிழ்த்தால் மொட்டுகள் உதிரும். இத்தி இலை உறை போல் மடிந்திருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். செம்பனைக்குப் போடும் உரத்தைத் தொட்டிக்கு அள்ளிப் போட்டால் உப்பு ஏறி வேர் கருகும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 15-15-15 உரத்தில் பத்துக் குருணை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

தண்ணீருக்குப் புளியே அளவுகோல். அதன் இலைகள் இரவில் மூடுவது இயல்பு. பகலில் மூடியிருந்தால் தாகம்; உடனே ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு மட்டும் வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்துவிடும்.