பெட்ரோல் பங்க்கில் 5 லிட்டர் அளந்து காட்டச் சொல்லலாம்: எப்படிக் கேட்பது, எதைப் பார்ப்பது

பெட்ரோல் விலை ஏறினால் போதும், வாட்ஸ்அப்பில் பழைய யோசனைகள் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். 100 ரூபாய்க்குப் போடாதே, 110-க்குப் போடு. வெயில் ஏறுவதற்குள் போடு. இரண்டாலும் பெரிய பிரயோஜனம் கிடையாது. பம்ப்புக்குள் இருக்கும் மீட்டர் எண்ணுவது லிட்டரை. ரூபாய் என்பது அந்த லிட்டரை அன்றைய விலையால் பெருக்கிக் காட்டும் கணக்கு. மீட்டர் குறைவாக ஊற்றுகிறது என்றால் 100-க்கும் குறையும், 110-க்கும் குறையும், 137-க்கும் அதே விகிதத்தில் குறையும். சூடு ஏற ஏறப் பெட்ரோல் விரியும் என்பது உண்மைதான், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே அடிக்கும் வெயில் அங்கே ஒரு பகலுக்குள் பெரிதாக இறங்குவதில்லை.

கொடுத்த காசுக்குப் பெட்ரோல் வந்ததா என்று தெரிந்துகொள்ள உருப்படியான வழி, 5 லிட்டர் அளவைக் கலன். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் ஒவ்வொரு டிஸ்பென்சரையும், அதாவது பெட்ரோல் ஊற்றும் பம்ப்பையும், ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் டீலர்களுக்கு விதித்திருக்கும் நெறிமுறைப்படி, முத்திரையிட்ட 5 லிட்டர் கலன், ஃபில்டர் பேப்பர், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், புகார் புத்தகம் எல்லாம் பங்க்கில் எப்போதும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். கட்டணம் கிடையாது. அளந்த பெட்ரோலை நீங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அது தொட்டிக்கே திரும்பப் போகும்.

அளந்து பார்க்கும் முறை

உங்கள் வண்டிக்கு எந்த நாசிலில் போட்டார்களோ அதே நாசிலில்தான் அளக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து நாசிலுக்குக் கூட்டிப்போனால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு நாசிலுக்கும் அளவு தனி. தாமதிக்கவும் கூடாது. 2017 ஏப்ரலில் லக்னோ பங்க்குகளில் உத்தரப் பிரதேச சிறப்பு அதிரடிப் படை சோதனை போட்டபோது, டிஸ்பென்சருக்குள் ரிமோட்டில் இயங்கும் சிப் வைத்து அளவைக் குறைத்தது பிடிபட்டது. ரிமோட்டில் நிறுத்தக்கூடிய மோசடியை அரைமணி நேரம் கழித்து அளந்து கண்டுபிடிக்க முடியாது.

முதலில் கலனைப் பாருங்கள். அடிப்பக்கம் நசுங்கியிருந்தால் கொள்ளளவு குறைந்திருக்கும். அதில் குறைந்த பெட்ரோலும் சரியான அளவாகத் தெரியும். முத்திரையின் ஆண்டு பழையதாக இருந்தாலும் அந்தக் கலன் செல்லாது. அதைச் சமதளத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றி ஒருமுறை நனைத்து, கவிழ்த்து, சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். காய்ந்த கலனில் நேராக ஊற்றினால் கொஞ்சம் பெட்ரோல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். குறைவாகக் காட்டும், வீண் சண்டை வரும். பிறகு மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ரூபாய்க் கணக்கில் போடாமல் லிட்டர் கணக்கில் 5.00 போடச் சொல்லுங்கள். நுரை அடங்கட்டும். குனிந்து, கழுத்துப் பகுதியில் உள்ள கோட்டைக் கண்மட்டத்தில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் கோடு ஏமாற்றும்.

அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது 0.5 சதவீதம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 500 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய். கோட்டுக்குக் கீழே 10 மில்லி நின்றால் அது குற்றம் ஆகாது; அதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது. 25-ஐத் தாண்டிக் குறைந்தால் அந்த நாசிலில் விற்பனையை நிறுத்தி, மறுபடி சரிசெய்து, முத்திரை வைத்த பிறகே திறக்க வேண்டும். முத்திரையில் கைவைத்தது தெரிந்தால் டீலர்ஷிப்பே போகலாம்.

தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் வாங்கி, “குறையுது பாருங்க” என்று வீடியோ போடுகிறவர்கள் உண்டு. பாட்டிலை வாய்வரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேலேயே பிடிக்கும், அதனால் சரியான அளவும் குறைவாகத் தெரியும். போதாததற்கு, அனுமதியில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் கொடுப்பதே விதிமீறல். “35 லிட்டர் டேங்க்கில் 38 லிட்டர் போட்டார்கள்” என்பதும் இதே ரகம். வண்டிக் கம்பெனி கையேட்டில் சொல்வது பாதுகாப்பாக நிரப்பும் அளவு. கழுத்து, குழாய் எல்லாம் சேர்த்தால் அதற்கு மேலும் பிடிக்கும்.

நடைமுறையில் பணம் அதிகமாகப் போவது மீட்டர் கோளாறால் அல்ல, கவனம் சிதறுவதால். 500-க்குச் சொல்வீர்கள், 200-இல் நிற்கும். “சாரி சார், மீதியைப் போடுறேன்” என்று பங்க் ஊழியர் 300-க்குத் தட்டுவார். முதல் 200 உண்மையில் உங்கள் வண்டிக்குள் போனதா, முந்தைய வண்டியின் எண் அப்படியே நின்றதா என்பதை ஆரம்பத்தில் பூஜ்யத்தைப் பார்த்தவரால்தான் சொல்ல முடியும். அதனால் வண்டியை விட்டு இறங்கி, திரையில் 0.00 வந்த பிறகு நாசிலை உள்ளே விடச் சொல்லுங்கள். திரையில் ஓடும் விலையையும் பாருங்கள். 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாற்றப்படும் முறை வந்தது. புதிய விலை காலை 6 மணிக்கு அமலாகும். எண் ஓடி நின்ற பிறகு நாசிலை எடுத்தால் போதும். குழாயை உதறச் சொல்லி நிற்பது வேண்டாத வேலை. குழாய் எப்போதும் நிரம்பியே இருக்கும், உங்களுக்கு முன்னால் வந்தவரும் அப்படியேதான் வாங்கிப் போனார்.

கலப்படம் என்று சந்தேகம் வந்தால்

ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். நாசில் நுனியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட வேண்டும். சுமார் இரண்டு நிமிடத்தில் காய்ந்து, எண்ணெய்க் கறை இல்லாமல் இருந்தால் நல்லது. லேசான சாய நிறம் தங்கினால் பயப்பட வேண்டாம். துடைக்காமல் விட்டால் நுனியில் இருந்த அழுக்கும் கறையாகத் தெரியும். இது டீசலுக்குப் பொருந்தாது, டீசல் அவ்வளவு சீக்கிரம் ஆவியாகாது.

அடுத்தது அடர்த்தி. பெட்ரோலுக்கு 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ என்பது தர அளவு. இந்த வரம்புக்குள் இருந்தாலே சுத்தம் என்று எழுதுகிறார்கள். அது போதாது, வரம்பு அகலமானது. பார்க்க வேண்டியது பங்க்கின் அன்றைய அடர்த்திப் பதிவேட்டில் எழுதிய எண்ணுக்கும் உங்கள் முன்னால் எடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்: 3 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒப்பிடும்போது ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. 30 டிகிரியில் 735 காட்டினால், அடர்த்தி மாற்று அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றும்போது ஏறக்குறைய 748 வரும். இது தெரியாமல் எழும் தகராறுகளே அதிகம்.

மழைக்காலத்தில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது தண்ணீரை இழுக்கும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். போட்ட கையோடு வண்டி அடைத்து நின்றால் தொடர்ந்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். மெக்கானிக் டேங்க்கை வடித்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டாம், ஆதாரம் அதுதான்.

புகார்

எல்லாவற்றுக்கும் முதல் தேவை பில். நேரம், நாசில் எண், லிட்டர், விலை நான்கும் அதில் இருக்கிறதா பாருங்கள். பங்க்கின் புகார் புத்தகத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் தர மறுத்தால், மறுத்ததையே புகாரில் சேருங்கள். அளவுக் குறைவுக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம்; கலப்படத்துக்கு, பங்க்கில் எழுதி வைத்திருக்கும் எண்ணெய் நிறுவன விற்பனை அதிகாரி எண். இரண்டும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு கேட்பதாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

போகும்போது டயருக்குக் காற்றும் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் குடிநீர், கழிவறை போல இலவச வசதிதான். காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும்.