தாராவித் தூசி: மூக்கைவிட வாயைக் கவனியுங்கள்

மும்பை தாராவியில், பழைய பொருள்களை மறுசுழற்சி செய்யும் 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் அரைபடுகிறது. பெயிண்ட் டப்பாக்களையும் எண்ணெய் டிரம்களையும் சுரண்டிக் கழுவுகிறார்கள். சுரண்டியதெல்லாம் சாக்கடைக்குப் போய்விடாது. காய்ந்து, ஈயம் போன்ற நச்சுகளோடு சந்துப் புழுதியில் சேரும். பெட்ரோலில் ஈயம் 2000-இலேயே நின்றது. வீட்டு பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்பது 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஈயம் மக்குவதில்லை. பழைய சுவரைத் தேய்த்தால் இன்றும் உதிரும். பழைய டிவி ஓடுகளிலிருந்து புரோமின் சேர்மங்கள், ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்திலிருந்து டையாக்சின் என்னும் நச்சு என்று மற்றவையும் உண்டு. வீட்டுக்குள் முதலில் கவனிக்க வேண்டியது ஈயம்.

மாஸ்க் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஈயம் பெரும்பாலும் கை வழியாக வாய்க்குத்தான் போகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை ஏற்கும். சிறு குழந்தையின் உடல் பாதிவரை ஏற்கும். வெறும் வயிறும் இரும்புச்சத்துக் குறைவும் அதைக் கூட்டும்.

கையில் ஒட்டுவது கால் மில்லிமீட்டருக்கும் சிறிய பொடி. ஈயம் செறிந்திருப்பதும் அதில்தான். உலர் துடைப்பம் மண்ணை வாரிக்கொண்டு, இந்தப் பொடியைக் காற்றில் கிளப்பிவிடும். அது பாயிலும் தட்டிலும் வந்து படியும். ஆகவே ஈரத்துணிதான். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் அலச நல்ல தண்ணீர். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் அழுக்கு அறை முழுவதும் பரவும். துடைத்த தண்ணீரை மோரியில் (வீட்டுக்குள் கழுவும் இடத்தில்) ஊற்றுங்கள், வாசலில் வேண்டாம்.

பங்கார் (பழைய சாமான்) வேலைக்குப் போகிறவர் வீட்டில், வேலை உடுப்பையும் செருப்பையும் வாசலிலேயே கழற்ற வேண்டும். குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம். அந்த உடுப்பை உதறாமல் தனியாகத் துவைக்கவும். சானிடைசர் ஈயத்தை அகற்றாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் இருக்கும் தூசியே கணக்கை ஏற்றிவிடலாம். கூடுதலாக வந்தால் கையின் இரத்தக் குழாயில் (சிரையில்) இரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி விலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே பத்திரம் என்று பொருளில்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்து குழந்தைகளுக்குப் பொதுவாக 45-ஐ எட்டினால்தான். 'ஈயத்தை முறிக்கும்' பொடி, லேகியம் எதையும் வாங்காதீர்கள். சில லேகியங்களிலேயே ஈயம் இருந்திருக்கிறது.