தாமதமாகப் பேசும் குழந்தையிடமிருந்து தமிழை எடுத்துவிடாதீர்கள்

பேச்சு, மொழிச் சிகிச்சையாளராக ஷார்ஜாவிலும் துபாயிலும் பணியாற்றிவரும் இத்தனை ஆண்டுகளில், என் அறைக்கு வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் நாற்காலியில் அமர்ந்ததும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “வீட்ல தமிழ் பேசறதையே நிறுத்திட்டோம் மேடம், அப்பவும் பேச்சு வரலை.” நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால் நர்சரி ஆசிரியை என்பார்கள், பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் அக்கா என்பார்கள், சில நேரங்களில் ஒரு மருத்துவரே சொன்னதாகவும் சொல்வார்கள். வீட்டில் தமிழ், நர்சரியில் ஆங்கிலம், லிஃப்டில் இந்தி, குரோசரிக் கடையில் மலையாளம் என்று காதில் விழுந்துகொண்டே இருந்தால் குழந்தை குழம்பிவிடும் என்ற எண்ணம் இங்கே வேரூன்றிப்போயிருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இது தவறான எண்ணம். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பது எங்கள் துறையில் பல ஆய்வுகளால் நிலைபெற்ற முடிவு.

கடந்த குளிர்காலத்தில் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது இரண்டே முக்கால். வீடு ஷார்ஜா-துபாய் எல்லையிலுள்ள அல் நஹ்தாவில் ஒரு படுக்கையறை கொண்ட ஃபிளாட். அப்பாவுக்குத் துபாயின் மறுகோடியிலுள்ள ஜெபல் அலியில் வேலை என்பதால், அல் இத்திஹாத் சாலை நெரிசலுக்கு முன்பே போய்விட வேண்டும் என்று விடியற்காலையில் கிளம்பி, குழந்தை தூங்கும் நேரத்தில்தான் திரும்புகிறார். அந்தக் குழந்தை என் மேசையருகே நின்று ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் பிழையின்றி எண்ணினான். நிறங்களின் பெயர்களைக் கார்ட்டூன்களில் வருகிற அதே அமெரிக்க உச்சரிப்பில் ஒப்பித்தான். ஆனால் தாகம் எடுத்தபோது, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச்சென்று பையருகே நிறுத்திவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே காத்திருந்தான்.

அம்மா, “கம் பேபி, ட்ரிங்க் வாட்டர்” என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, ஏனெனில் கொஞ்சுவதற்கான ஆங்கிலம் அவரிடம் அவ்வளவுதான். உங்கள் தங்கை குழந்தையிடம் பேசுவது போல இவனிடம் பேசுங்கள் என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, “தண்ணி வேணுமாடா தங்கம்? அம்மாட்ட வா. மூடியத் திறக்கலாமா? அப்பா, எவ்ளோ இறுக்கமா இருக்கு பாரு… ஆ, திறந்துடுச்சு!” என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். கேள்வி, அழைப்பு, செயல், வியப்பு, குரலின் ஏற்ற இறக்கம் என்று அரை நிமிடத்தில் அவர் எவ்வளவு கொடுத்துவிட்டார் என்பதை அவரே உணரவில்லை. பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான்: உங்களுக்குக் கோபம் வரும்போதும் சிரிப்பு வரும்போதும் தன்னால் வாயில் வருகிற மொழி எதுவோ, அதில் பேசுங்கள். அது ஆங்கிலமாகவே இருந்தால் ஆங்கிலத்தில் பேசுவதில் தவறில்லை. பெரும்பாலான நம் வீடுகளில் அது தமிழ்.

இந்தக் குழந்தையின் கதையில் எனக்கு அதிக வருத்தம் தந்தது வேறொன்று. இரண்டு வயது முடிவதற்கு முன்பே அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. “ரெண்டு மொழி கேக்கறான் இல்ல, அதான் லேட்டு, தானா வந்துடும்” என்று எல்லோரும் தேற்றியதால் பத்து மாதங்கள் காத்திருந்திருக்கிறார். கேட்புத்திறன் பரிசோதனை இயல்பாக இருந்தது. வளர்ச்சி மதிப்பீட்டில் ஆட்டிசம் உறுதியானது. தமிழை நிறுத்தியதால் அது வரவில்லை, தொடர்ந்து பேசியிருந்தால் வராமலும் இருந்திருக்காது. ஆனால் ‘மொழிக் குழப்பம்’ என்ற அந்தச் சொல் ஒரே நேரத்தில் இரண்டு கேடுகளைச் செய்தது. அம்மாவிடம் இருந்த வளமான மொழியைக் குழந்தையிடமிருந்து பறித்ததோடு, பயிற்சி தொடங்கியிருக்க வேண்டிய பத்து மாதங்களையும் கொண்டுபோய்விட்டது.

ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இனிமேலாவது ஒரு மொழியோடு நிறுத்திக்கொள்ளட்டுமா என்பது. வேண்டாம் என்றேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு மொழியில் வளர்பவர்களையும் இரு மொழியில் வளர்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், இரண்டாவது மொழியால் அவர்களுக்குக் கூடுதல் பின்னடைவு ஏற்பட்டதாகக் காட்டவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

அப்படியானால் நம் குழந்தைகள் இங்கே தாமதமாகப் பேசுவது போல ஏன் தோன்றுகிறது என்று கேட்பார்கள். மொழிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனிதர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்பது என் பதில். ஊரில் ஒரு குழந்தை, தன்னிடம் யாரும் நேரடியாகப் பேசாத நேரத்திலும், பால்காரரோடும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடும் அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே பதினான்காவது மாடியில், மே முதல் செப்டம்பர் வரை பகலில் கீழே பூங்காவுக்குக்கூட இறங்க முடியாத வெயிலில், காலையிலிருந்து இரவு வரை அந்தக் குழந்தையோடு இருப்பது ஒரே ஒரு பெரியவர். கணவரின் ஸ்பான்சரில் வந்த விசாவில், வேலை இல்லாமல், சுற்றத்தில் யாரும் இல்லாமல் இருக்கும் அந்தப் பெண்ணுக்கே நாள் முழுதும் பேசுவதற்கு ஆள் இல்லை. குழந்தையோடு பேசுங்கள் என்று அவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன், நீங்கள் கடைசியாக யாரோடு மனம்விட்டுப் பேசினீர்கள் என்று நான் கேட்பதுண்டு. பலர் அந்த இடத்தில் அழுதுவிடுவார்கள். தொடர்ந்து தூக்கமின்மையும் எதிலும் விருப்பமின்மையும் இருந்தால் தாய்க்கும் மருத்துவ உதவி தேவை. குழந்தையின் பேச்சுக்கு அது நேரடியாகவே தொடர்புடையது.

இந்த வெறுமையை நிரப்பத்தான் கைப்பேசி வருகிறது. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. திரை எண்களைச் சொல்லிக்கொடுக்கும். ஆனால் குழந்தை கை நீட்டும்போது நின்று கவனிக்காது, மழலைக்குப் பதில் சொல்லாது. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியோடு போட்டிம் செயலியில் பேசும் வீடியோ அழைப்பு இதிலிருந்து வேறுபட்டது. அந்தப் பக்கத்தில் பதில் சொல்லும் ஓர் ஆள் இருக்கிறார். அதைக் குறைக்க வேண்டியதில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதை நெருங்கியும் ‘பபப, மமம’ போன்ற ஒலிகள் வராதிருத்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதிருத்தல், விரல் நீட்டிக் காட்டாதிருத்தல். 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதிருத்தல். 2 வயதில் “அம்மா வா”, “பால் தா” போல இரண்டு சொற்களைச் சேர்க்காதிருத்தல் — இவற்றில் எது இருந்தாலும் மதிப்பீட்டுக்கு அழைத்து வாருங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களை எந்த வயதில் குழந்தை இழந்தாலும் உடனே வர வேண்டும். 2 வயதில் சுமார் 50 சொற்கள் என்று நாங்கள் எதிர்பார்ப்பது எல்லா மொழிகளையும் சேர்த்துத்தான். ‘தண்ணி’யும் கணக்கு, ‘பை பை’யும் கணக்கு, சோற்றுக்குச் சொல்லும் ‘மம்மு’வும் கணக்கு. ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணிவிட்டுக் குழந்தை பின்தங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், தமிழையும் சேர்த்து எண்ணச் சொல்லிக் கேளுங்கள்.

பிறந்தபோது செவிப் பரிசோதனையில் தேறியிருந்தாலும் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுவது அவசியம். சளியை அடுத்து நடுச்செவியில் நீர் தேங்கும் குழந்தைகள் பெரும்பாலும் வலியால் அழுவதில்லை. சொற்கள் மங்கலாகக் கேட்பதால் பேச்சு மட்டும் தள்ளிப்போகும்.

வீட்டிலேயே பேச்சு வரவில்லை என்பதற்கு நேர்மாறான அச்சமும் ஒன்றுண்டு. வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசும் மூன்று வயதுக் குழந்தை, நர்சரியில் சேர்ந்ததும் சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட, அங்கே வாய் திறக்காதிருக்கலாம். புதிய மொழியைக் கேட்டு உள்வாங்கும் காலம் அது. ஏப்ரலில் தொடங்கும் கேஜி வகுப்புக்கான நேர்காணலை நினைத்து அந்த நேரத்தில் வீட்டு மொழியை மாற்றிவிட வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எளிமையானது. “இது என்ன கலர்? இது என்ன?” என்று நாள் முழுதும் தேர்வு வைக்காமல், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். குழந்தை “காரு” என்றால் “காரு போகுது” என்று சொல்லுங்கள். “காரு போகுது” என்றால் “செவப்புக் காரு வேகமா போகுது” என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். லிஃப்ட் வரக் காத்திருக்கும் நேரமும் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கும் நேரமும் இதற்குப் போதும்.

முதலில் சொன்ன அந்தக் குழந்தையின் அப்பத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தபோது, ஒரு நாள் சிகிச்சைக்கும் உடன் வந்தார். நான் பொம்மைகளை எடுத்து வைப்பதற்குள், அவர் தரையில் கால் நீட்டி அமர்ந்து, பேரனின் உள்ளங்கையை விரித்து முழங்கை மடக்கால் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாகச் சோறு ஊட்டி, “நண்டு ஊறுது, நரி ஊறுது” என்று அக்குள் வரை விரல்களை ஓடவிட்டார். அவன் சிரித்தான். மூன்றாவது முறை, முழங்கைக்கு வந்ததும் அவர் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவன் “ஊது” என்றான். எண்ணையும் நிறத்தையும் தவிர்த்து, இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதற்காக அவன் சொல்லி நான் கேட்ட முதல் சொல் அது. அன்றைய குறிப்பேட்டில் அதைத் தமிழிலேயே எழுதி வைத்தேன்.

முதல் மதிப்பீட்டுக்கு வரும்போது குழந்தை சொல்லும் சொற்களையெல்லாம், மழலை எப்படியோ அப்படியே, எந்த மொழி என்று பார்க்காமல் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டில் விளையாடும்போது கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி ஒன்றும் இருக்கட்டும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைக்காவிட்டால், மதிப்பீட்டின்போது நீங்களே அருகிலிருந்து தமிழில் கேட்டுச் சொல்ல அனுமதி கேளுங்கள்.