‘சாக்’ செய்வது: விலகலா, விலக்கலா?

2017 பிப்ரவரி 23 அன்று இரவு, லெஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் தன் மேலாளர் கிளாடியோ ரனியேரியை வீட்டுக்கு அனுப்பியது. முந்தைய சீசன் தொடங்கியபோது, அந்த அணி பட்டம் வெல்லும் என்று பணம் கட்டினால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகச் சூதாட்ட நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அவ்வளவு நம்பிக்கை! அந்த அணியைத்தான் 2016 மே மாதம் இங்கிலாந்து பிரீமியர் லீக் சாம்பியனாக்கினார் ரனியேரி. அப்புறம் ஒன்பது மாதம்தான் ஓடியது. கிளப்பின் அறிக்கை, மேலாளரும் கிளப்பும் ‘பிரிந்துவிட்டோம்’ என்று மெதுவாகச் சொன்னது. பத்திரிகைகள் சுற்றி வளைக்கவில்லை. ‘சாக்’ (sack) என்று நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லில் முடித்துவிட்டன. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இந்த ‘சாக்’ முதலில் வினைச்சொல்லே அல்ல. பை, மூட்டை என்று பொருள்படும் பெயர்ச்சொல். ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்தும், லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்தும், அதற்கும் முன்னால் மேற்காசியாவின் செமிட்டிய மொழிகளிலிருந்தும் வந்தது. எபிரேய மொழியிலும் இதே ஒலியில் ஒரு சொல் உண்டு. நம் அரிசிக்கடைச் சாக்கும் இதே குடும்பம்தான். டச்சுக்காரர்கள் வழியாகத் தமிழுக்கு வந்தது என்று அகராதியில் குறித்திருக்கிறார்கள். ‘தலைவலியைச் சாக்காக வைத்து லீவு போட்டான்’ என்பதில் வரும் சாக்கு வேறு.

பை எப்படி வேலைநீக்கம் ஆனது? 1611-இல் வெளியான ராண்டில் காட்கிரேவின் பிரெஞ்சு–ஆங்கில அகராதியிலேயே ‘அவனுக்கு அவன் பையைக் கொடுத்துவிட்டார்கள்’ என்ற பிரெஞ்சு வழக்கு இருக்கிறது. எசமான் வேலைக்காரனை அனுப்பிவிட்டதைச் சொல்வது அது. அந்தக் காலக் கைவினைஞர் தன் உளி, சுத்தியலைத் தன் பையிலேயே கொண்டுவருவார், வேலை இருக்கும்வரை பை முதலாளியிடம் இருக்கும், வேலை போனால் பை கைக்கு வரும் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உறுதியான சான்று கிடையாது. பையோடு அனுப்பினார்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் இந்த வழக்கு 1820-களில் தென்படுகிறது. பெயர்ச்சொல் வினையாகி ‘சாக் செய்தார்கள்’ என்று ஆனது அதற்குப் பிறகு.

தமிழுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ‘மூட்டை முடிச்சைக் கட்டு’ என்றால் நமக்கும் கிளம்பு என்றுதான் பொருள். பேச்சில் இன்னும் சூடாக, ‘சீட்டைக் கிழிச்சிட்டாங்க’ என்போம். நாளிதழ்களுக்குப் பிடித்தது ‘கல்தா’. ‘மூன்று அமைச்சர்களுக்குக் கல்தா’ என்ற தலைப்பைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். ஆங்கிலப் பத்திரிகையில் ‘சாக்’ தருகிற திடுக்கிடலை, அந்தச் சிறு நக்கலோடு சேர்த்துத் தருவது என் காதுக்குக் கல்தா மட்டும்தான். என்ன, செய்தியின் உடலில் அதை எழுத முடியாது, தலைப்போடு சரி.

எழுத்துக்கு என்ன சொல்? இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. சீசன் நடுவே நடந்த நீக்கம் என்பதால் ‘இடைநீக்கம்’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால் பொருளே மாறிவிடும். இடைநீக்கம் என்பது சஸ்பென்ஷன். பணியிடை நீக்கம் செய்யப்பட்ட வட்டாட்சியர் விசாரணை முடிந்து அதே நாற்காலிக்குத் திரும்பலாம். ரனியேரிக்கு அப்படி ஒரு விசாரணையும் இல்லை, திரும்பும் வழியும் இல்லை. ‘சீசன் நடுவே நீக்கம்’ என்று இரண்டு சொல் கூடப் போட்டு எழுதுவதே பாதுகாப்பு.

‘டிஸ்மிஸ்’ என்பதும் முழுக்கப் பொருந்தாது. அரசு ஊழியர் டிஸ்மிஸ் ஆனார் என்றால் ஏதோ தப்பு செய்தார், குற்றச்சாட்டு நிரூபணமானது என்றுதான் ஊர் நினைக்கும். கால்பந்து மேலாளர் பெரும்பாலும் எந்த ஒழுங்கு விதியையும் மீறியிருப்பதில்லை. அணி தோற்றது, அவ்வளவுதான். அதனால்தான் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு கிளப் இழப்பீடு தர வேண்டியிருக்கிறது. நடப்பது ஒப்பந்த முறிவு; பெயர் மட்டும் சாக். ‘பதவி நீக்கம்’ அல்லது வெறும் ‘நீக்கம்’ போதும்.

தமிழ் இலக்கணம் கையில் கொடுத்திருக்கும் ஒரு வசதியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நீங்கினார், நீக்கினார், விலகினார், விலக்கினார். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது தன்வினை, அடுத்தது பிறவினை. பதவி விலகல் என்றால் அவராகப் போனார், பதவி விலக்கல் என்றால் அனுப்பினார்கள். நடுவில் ஒரு ‘க்’ மட்டுமே கூட. அவசரத்தில் அந்த ஒற்று விழுந்தால், நீக்கப்பட்டவர் ராஜினாமா செய்தவராகிவிடுவார். இழப்பீடு யாருக்கு யார் தருவது என்பதே அதில் தொங்குகிறது என்பதால் அச்சுப்பிழை என்று தள்ளிவிட முடியாது.

தன்வினையிலும் அடங்காமல் பிறவினையிலும் அடங்காமல் கிளப்புகள் ஒரு மூன்றாவது வழக்கு வைத்திருக்கின்றன: ‘பரஸ்பர ஒப்புதலுடன் பிரிந்தோம்’. 2015 டிசம்பர் 17 அன்று தன் மேலாளர் ஜோசே மொரின்யோவை அனுப்பும்போது செல்சி கிளப் சொன்னது இதைத்தான். முந்தைய சீசனின் சாம்பியன் அணி அது. 16 ஆட்டங்களில் ஒன்பது தோல்வி, கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மட்டுமே மேலே. ஒப்புதல் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். அந்தக் கடைசித் தோல்வி யாரிடம் தெரியுமா? ரனியேரியின் லெஸ்டரிடம். 2004-இல் செல்சி ரனியேரியை அனுப்பிவிட்டுக் கொண்டுவந்ததும் இதே மொரின்யோவைத்தான். கடைசியில் லெஸ்டர் ரனியேரியை நீக்கிய மறுநாள், அப்போது மான்செஸ்டர் யுனைடெட் மேலாளராக இருந்த மொரின்யோ, தன் சட்டையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டு செய்தியாளர்களைச் சந்தித்தார்.

இந்தச் சொல்லோடு ஒட்டிவரும் இன்னொன்று, கிளப் வெளியிடும் ஆதரவு அறிக்கை. 2015 அக்டோபரில் மொரின்யோவுக்கு முழு ஆதரவு என்றது செல்சி. டிசம்பரில் ஆள் இல்லை. 2017 பிப்ரவரி 7 அன்று ரனியேரிக்கு அசையாத ஆதரவு என்றது லெஸ்டர். 16 நாளில் ஆள் இல்லை. ‘நம்பிக்கைத் தெரிவிப்பு’ வந்தாலே மேலாளர் பெட்டி கட்டத் தொடங்கலாம் என்று இங்கிலாந்தில் கேலி பேசுவது சும்மா இல்லை.

சீசன் நடுவே ஏன்? பிரீமியர் லீகில் 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம். கடைசி மூன்று அணிகள் அடுத்த சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் மளமளவென்று சரியும். ரனியேரி போன அன்று லெஸ்டர் 17-ஆவது இடத்தில், விளிம்பில் நின்றது. பிப்ரவரியில் ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் வழியில்லை, ஜனவரியோடு அந்தச் சந்தை மூடிவிடும். மாற்றக்கூடிய ஒரே ஆள் மேலாளர்தான்.

அந்த ‘மேலாளர்’ என்ற சொல்லும் கொஞ்சம் இடறும். வங்கி மேலாளர் நினைவுக்கு வருவதால் நம் விளையாட்டுப் பக்கங்கள் ‘பயிற்சியாளர்’ என்றே எழுதுகின்றன. இங்கிலாந்து மரபில் மேலாளர் பயிற்சி தருவதோடு நிற்பவரல்ல. அணியைத் தேர்ந்தெடுப்பார், யாரை வாங்குவது என்பதிலும் அவர் குரல் எடுபடும். இப்போது அங்கேயே பல கிளப்புகள் ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்ற பதவிக்கு மாறிவிட்டதால் நம் வழக்கில் பெரிய பிழை இல்லை.

நீக்கத்துக்கு மறுநாள் ஒருவர் தற்காலிகமாக வருவார். தேர்தல் காலத்தில் ‘காபந்து அரசு’ என்கிறோமே, அந்தக் காபந்து இவருக்கும் பொருந்தும். ‘பொறுப்புப் பயிற்சியாளர்’ என்றாலும் சரி. லெஸ்டரில் அப்படி வந்தவர் ரனியேரியின் உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர். வந்த முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3–1 என்று வென்றார்கள், சீசனை 12-ஆவது இடத்தில் முடித்தார்கள்.

சென்னைக்கும் இந்த அகராதி எட்டியிருக்கிறது. 2017–18 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) பட்டத்தை ‘சென்னையின் எஃப்.சி.’ கிளப்புக்கு வென்று தந்த பயிற்சியாளர் ஜான் கிரகரி, 2019 நவம்பர் இறுதியில், சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் கிளம்பினார். அங்கேயும் அறிவிப்பு ‘இசைந்து பிரிந்தோம்’ பாணியில்தான் இருந்தது. அடுத்து வந்த ஓவன் காயில் அதே அணியை அந்த சீசனின் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில் கோவாவில், ஆளில்லாத அரங்கில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றார்கள்.